செஞ்சியிலிருந்து போட்டி மேஜைக்கு: ரசிகர் விழாக்களில் கார்டு ஆட்டம்

சேகரிப்புக் கார்டு ஆட்டம் ரசிகர் விழாக்களின் காத்திருப்பு நேரத்துக்காகவே உருவானது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தை நடத்திவந்த பீட்டர் அட்கிசன், பையில் போட்டு எடுத்துச் செல்லக்கூடிய ஓர் ஆட்டத்தைத் தேடினார். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அதை ஆடி முடித்துவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்டு அதற்கு விடையாக அமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ 1993இல் கடைக்கு வந்தது. மறு ஆண்டே, 1994 ஆகஸ்டில், மில்வாக்கி நகரின் ஜென் கான் விழாவில் அதன் முதல் உலகப் போட்டி நடந்தது. ஸாக் டோலன் வென்றார். போக்கிமான் கார்டுகள் 1996இலும், யு-கி-ஓ 1999இலும், ஒன் பீஸ் 2022இலும் ஜப்பானில் வெளிவந்தன. அந்த முதல் உலகப் போட்டியிலிருந்து இன்றுவரை காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் இடமும் கார்டு மேஜையும் ஒன்றையொன்று விட்டதில்லை.

இந்தியாவில் காமிக் கான் 2011இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது வர 13 ஆண்டுகள் ஆயின. முதல் சென்னை விழா 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. விழுப்புரம் மாவட்டம் செஞ்சியில் இருக்கும் ஆட்டக்காரருக்குப் பக்கத்துப் பெரிய விழா என்றால் சென்னையில் நடப்பதுதான். ஒவ்வொரு விழாவிலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போட்டி இருப்பதில்லை. எந்த ஆட்டம், எந்த நாள், என்ன வடிவம், எத்தனை இடம் என்பதை நிகழ்ச்சி அட்டவணையில் பார்த்து, நுழைவுச் சீட்டும் போட்டிப் பதிவும் தனித்தனியா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பயணத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

பெருநகரத்து ஆட்டக்காரர் வாரந்தோறும் கடை மேஜையில் உட்கார்ந்து, தோற்றுத் தோற்றே விதிகளைப் பழகிவிடுகிறார். செஞ்சி அளவுள்ள ஊரில் அந்த வாய்ப்பு அரிது. அந்தக் குறையைத் திட்டமிட்ட ஆயத்தத்தால் பெருமளவு ஈடுகட்டலாம். போட்டியன்று நேரும் தோல்விகளில் பல, ஊரிலேயே சரிசெய்திருக்கக்கூடிய சிறு தவறுகளால் வருபவை.

அசலும் போலியும்

முதல் வேலை கையிலிருக்கும் கார்டுகளைச் சோதிப்பது. தேர்த்திருவிழாக் கடைகளிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் தங்க நிறத்தில் மினுக்கும் பிளாஸ்டிக் போக்கிமான் கார்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் உண்டியல் காசைக் கொட்டி வாங்குவது இவற்றைத்தான். இவை எந்தப் போட்டியிலும் செல்லாது. அடையாளம் காண்பது எளிது: எழுத்துப்பிழை இருக்கும், எழுத்துரு தடித்தோ மெலிந்தோ இருக்கும், பின்புற நீலம் வெளிறியோ ஊதா கலந்தோ இருக்கும், உயிர்ப்புள்ளி எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். காகிதப் போலிகளுக்கு இருட்டறையில் செல்போன் டார்ச் போதும். அசல் கார்டின் இரு தாள்களுக்கு நடுவே கருமையான படலம் ஒன்று உண்டு. வெளிச்சம் மங்கலாகவே ஊடுருவும். போலியில் ஒளி பளிச்சென்று மறுபக்கம் வரும்.

அசலாக இருந்தாலும் எல்லாக் கார்டும் செல்லுபடியாகாது. போக்கிமானின் ‘ஸ்டாண்டர்டு’ வடிவத்தில் கார்டின் கீழ் மூலையில் சிறு கட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எந்தெந்த எழுத்துக் கார்டுகளை ஆடலாம் என்பது அவ்வப்போது மாறும்; பழைய எழுத்து வெளியேறும். அண்ணன் விட்டுச்சென்ற பழைய கட்டு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், அந்த எழுத்து நடப்பில் இல்லாவிட்டால் அது ஆல்பத்தில்தான் இருக்க வேண்டும். மேஜிக்கிலும் ஸ்டாண்டர்டு வடிவத்துக்கு இதே சுழற்சி உண்டு.

டெக் கட்டுதல்

எண்ணிக்கை விதிகளை முதலில் மனப்பாடம் செய்துவிட வேண்டும். போக்கிமான் டெக்கில் சரியாக 60 கார்டு. அடிப்படை எனர்ஜி தவிர, ஒரே பெயருள்ளது நான்குக்கு மேல் கூடாது. மேஜிக்கில் வழக்கமான வடிவங்களுக்குக் குறைந்தது 60, கூடவே 15 வரை மாற்றுக் கார்டுகள். அடிப்படை நிலங்கள் தவிர மற்றவற்றுக்கு இங்கும் நான்கே வரம்பு. யு-கி-ஓவில் 40 முதல் 60 வரை. ஒரே பெயர் மூன்றுதான். ஒன் பீஸில் ஒரு தலைவர் கார்டு, 50 கார்டு டெக், 10 டான் கார்டுகள்.

பூஸ்டர் பாக்கெட்டுகளை உடைத்து உடைத்துப் போட்டி டெக் கட்ட நினைப்பது பணத்துக்குக் கேடு. உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். தேவையான ஒரு கார்டை நான்கு முறை எடுக்க எத்தனை பாக்கெட் ஆகும் என்பதற்கு அளவே இல்லை. தயார் நிலையில் விற்கும் டெக் ஒன்றை வாங்கி, குறையும் கார்டுகளை மட்டும் ஒற்றையாகத் தபாலில் வரவழைப்பதே செட்டான வழி. பாக்கெட் உடைக்கும் மகிழ்ச்சியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அதைப் பொழுதுபோக்குக் கணக்கிலும், டெக்கைப் போட்டிக் கணக்கிலும் வைத்துக்கொண்டால் போதும்.

60 கார்டு டெக்கில் ஒரு கார்டை நான்கு பிரதி வைத்தால், முதலில் எடுக்கும் ஏழில் அது குறைந்தபட்சம் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். ஒரே பிரதி வைத்தால் 12 சதவீதத்துக்கும் குறைவு. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தேவைப்படும் கார்டு நான்கும், எப்போதாவது உதவும் கார்டு ஒன்றும் வைப்பது இந்தக் கணக்கினால்தான். பிடித்த கார்டுகளில் ஒவ்வொன்றாக 40 வகை சேர்த்த டெக், ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு டெக்காகவே நடந்துகொள்ளும். எதை நம்பி ஆடுவது என்பதே ஆடுபவருக்குத் தெரியாது.

நிலம், எனர்ஜி போன்ற வளக் கார்டுகளைக் குறைத்துவிட்டு பலசாலிகளை நிரப்புவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. செஞ்சிக்காரருக்கு இதை விளக்க வெளியூர் எடுத்துக்காட்டு வேண்டாம். முகலாயத் தளபதி ஜுல்பிகர் கானின் முற்றுகையைச் செஞ்சிக் கோட்டை 1690 முதல் 1698 வரை தாக்குப்பிடித்தது. அதன் ராஜகிரி மலையின் செங்குத்தான பாறையும் மதிலும் எல்லோர் கண்ணிலும் படும். அடிவாரத்து நெற்களஞ்சியங்களையும் சுனைகளையும் குளங்களையும் பார்த்தவர்களுக்குத்தான் உள்ளே இருந்தவர்கள் எதை உண்டு நின்றார்கள் என்பது விளங்கும். டெக்குக்கும் அப்படித்தான்: மேஜிக்கில் 60க்கு 24 நிலம் வைத்தால் முதல் ஏழில் சராசரியாக 2.8 நிலம் கிடைக்கும். அதை 18ஆகக் குறைத்தால் சராசரி 2.1 ஆகிவிடும், விலை கூடிய பலசாலிகள் கையிலேயே முடங்கிக் கிடப்பார்கள்.

சொந்த டெக் இல்லாதவர்களுக்கு ‘சீல்டு’ வகைப் போட்டி நல்ல நுழைவாயில். அங்கேயே பிரிக்கப்படாத பாக்கெட்டுகள் தருவார்கள். மேஜிக்கில் ஆறு பாக்கெட்டுகளிலிருந்து 40 கார்டு டெக் கட்டி ஆட வேண்டும். பல ஆண்டுச் சேகரிப்பு உள்ளவரும் நேற்று தொடங்கியவரும் ஒரே வளத்தோடு உட்காருவது இந்த வகையில்தான். முதல் போட்டிக்கு இதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

கார்டின் மொழி

கார்டுகளில் இருப்பது ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவர்கள் இதைக் கண்டு தயங்கத் தேவையில்லை, ஏனென்றால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான். ஆனால் அவற்றைத் தோராயமாகப் புரிந்துகொள்வது ஆபத்து. ‘மே’ என்று இருந்தால் செய்வதும் விடுவதும் ஆடுபவர் விருப்பம். அந்தச் சொல் இல்லாவிட்டால் தனக்கே கேடாக முடிந்தாலும் செய்தாக வேண்டும். ‘அப் டு த்ரீ’ என்றால் மூன்று வரை, பூஜ்ஜியமும் அதில் அடக்கம். மேஜிக்கில் ‘டெஸ்ட்ராய்’ வேறு, ‘சாக்ரிஃபைஸ்’ வேறு: அழிக்க முடியாத உயிரியையும் அதன் சொந்தக்காரர் பலியிட நேரலாம், ஏனென்றால் பலி என்பது விதியின் கண்ணில் அழிப்பு அல்ல. போக்கிமானில் முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் தாக்கக் கூடாது என்பது கார்டில் எழுதியிருக்காது. அது விதிப்புத்தகத்தில் இருக்கிறது. 40 பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் கார்டின் சொல்லும் வலப்பக்கம் தமிழில் அதன் விளைவும் எழுதிவந்தால் இரண்டு வாரத்தில் சொற்கள் கைவசமாகிவிடும்.

பயிற்சி

நான்கு பேர் சேர்ந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு கடிகாரம், நான்கு டெக். நான்கு டெக்குக்குப் பணம் இல்லாவிட்டால், எதிர்பார்க்கும் எதிரி டெக்குகளைத் துண்டுத்தாளில் எழுதி, கைவசமுள்ள கார்டின் முன்னால் ஸ்லீவுக்குள் (கார்டைக் காக்கும் பிளாஸ்டிக் உறை) செருகி ஆடலாம். பயிற்சிக்கு இது முழுக்கப் போதுமானது. போட்டிக்கு இத்தகைய நகல்கள் செல்லாது. தனியாகப் பழக செல்போனிலேயே வழி உண்டு: போக்கிமானுக்கு டிசிஜி லைவ், மேஜிக்குக்கு அரீனா, யு-கி-ஓவுக்கு மாஸ்டர் டூயல், மூன்றும் இலவசம்.

செல்போன் பயிற்சிக்கு ஒரு குறை உண்டு. கலைப்பது, எண்ணுவது, விளைவை நினைவூட்டுவது எல்லாவற்றையும் கருவியே செய்துவிடும். மேஜையில் அவற்றை ஆடுபவர்தான் செய்ய வேண்டும். ஆகவே வாரத்தில் ஒரு முறையாவது அசல் கார்டில், கடிகாரம் வைத்து ஆட வேண்டும். மேஜிக்கிலும் போக்கிமானிலும் மூன்றில் இரண்டு வெல்லும் சுற்றுக்கு வழக்கமான நேரம் 50 நிமிடம். மூன்று ஆட்டமும் முடிய வேண்டுமானால் ஓர் ஆட்டத்துக்கு 16 நிமிடமே கிடைக்கும். திண்ணையில் ஓர் ஆட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கிறது என்றால், அந்த ஆட்டக்காரர் போட்டியில் வெல்ல வேண்டிய சுற்றுகளைச் சமன் செய்துவிட்டு வருவார்.

வீட்டுப் பெரியவர்கள் ‘சீட்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பது இயல்பு. பணம் வைத்து ஆடும் சீட்டால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். போட்டியின் நுழைவுக் கட்டணம், பரிசு, இடம், நேரம் ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்வதும், முடிந்தால் ஒருவரைக் கூடவே அழைத்துச் செல்வதும்தான் சரியான பதில். போட்டி விதிகள் பந்தயம் கட்டுவதை முற்றாகத் தடை செய்கின்றன என்பதையும் சொல்லலாம். போக்கிமானில் ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என்று வயதுப் பிரிவுகள் உண்டு. பிள்ளையின் பிரிவு எது என்று பதிவின்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்லீவும் கலைப்பும்

போட்டி டெக் முழுவதும் ஒரே நிற, ஒரே வகை ஸ்லீவில் இருக்க வேண்டும். அளவு பார்த்து வாங்குவது முக்கியம்: மேஜிக், போக்கிமான் கார்டுகள் 63க்கு 88 மில்லிமீட்டர், யு-கி-ஓ 59க்கு 86. சிறிய கார்டைப் பெரிய ஸ்லீவில் போட்டால் உள்ளே ஆடும், மூலை மடங்கும். ஒரு ஸ்லீவின் மூலை மடிந்திருந்தாலே, எந்தக் கார்டு என்று பின்புறம் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருப்பதாக நடுவர் கருதலாம், தண்டனை வரும். மினுமினுக்கும் ஃபாயில் கார்டுகள் இன்னும் தொல்லை. ஈரக்காற்று பட்டதும் வளைந்துவிடும். அறுபதை அடுக்கி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், வளைந்தது இருக்கும் இடத்தில் மெல்லிய இடைவெளி தெரியும். எதிராளி வெட்டும்போது கட்டு அந்த இடத்தில்தான் தானாகப் பிரியும். ஆகவே ஃபாயிலும் சாதாரணக் கார்டும் கலந்த டெக்கைத் தவிர்ப்பது நல்லது. பத்து ஸ்லீவு மிகையாகப் பையில் இருக்கட்டும்.

கலைப்பதில் பலர் செய்யும் தவறு, கார்டுகளை ஏழெட்டுக் குவியலாகப் பிரித்துப் போட்டு அடுக்குவதோடு நிறுத்திக்கொள்வது. எண்ணிப் பார்க்க அது உதவும். கலைப்பு ஆகாது, ஏனென்றால் எந்தக் கார்டு எங்கே போகிறது என்பது முன்கூட்டியே தீர்மானமான வரிசை. டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் வெளியிட்ட கணித ஆய்வு, 52 சீட்டுக் கட்டுக்கு ஏழு முறை கோத்துக் கலைத்தால் நன்கு கலையும் என்று காட்டியது. 60 கார்டுக்கு ஏழெட்டு முறை இரு பாதிகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கலைத்து, பிறகு எதிராளியிடம் வெட்டக் கொடுக்க வேண்டும். எதிராளி தன் கட்டைக் கொடுத்தால் அதை வெட்டாமல் விடுவது பெருந்தன்மை ஆகாது. அது இருவருக்கும் உரிய பாதுகாப்பு.

சுற்றுகளின் கணக்கு

பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895இல் சூரிச் நகரின் சதுரங்கப் போட்டியில் தொடங்கிய முறை இது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் 11 சுற்றுகளும் இதே முறையில்தான் ஆடப்பட்டன. தோற்றவர் வெளியேற மாட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளி உள்ளவர்கள் எதிரெதிரே உட்காருவார்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு 0.

32 பேர், ஐந்து சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். சமன் எதுவும் இல்லாவிட்டால், முடிவில் ஐந்தும் வென்றவர் ஒருவர், நான்கு வென்றவர் ஐவர், மூன்று வென்றவர் பத்துப் பேர். முதல் எட்டுப் பேர் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள் என்றால், முதல் இரண்டு வகையில் ஆறு பேர் போக, மூன்று வென்ற பத்துப் பேரில் இருவருக்கு மட்டும் இடம். அந்த இருவரைத் தீர்மானிப்பது, அவர்கள் எதிர்த்து ஆடியவர்களின் வெற்றி விகிதம். முதல் சுற்றிலேயே தோற்றவர் அடுத்தடுத்து ஆடுவது தோற்றவர்களோடு என்பதால் அவருடைய விகிதம் தாழ்ந்திருக்கும். கடைசியில் தோற்றவருக்கு உயர்ந்திருக்கும். ஆனாலும் முதல் தோல்வியோடு பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்வது தவறான முடிவு. மீதி நான்கையும் வென்றால் எட்டுக்குள் இடம் உறுதி. இரண்டே வென்றாலும், ஊரில் கிடைக்காத எதிராளிகளோடு நான்கு சுற்று ஆடிய பழக்கம் கையோடு வரும்.

நடுவர்

சந்தேகம் வந்தால் கையை உயர்த்தி நடுவரை அழைக்க வேண்டும். இது புகார் கொடுப்பது ஆகாது. எதிராளியை அவமதிப்பதும் ஆகாது. சின்ன ஊரிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் சங்கோஜப்பட்டு, எதிராளி சொல்வதே விதி என்று ஏற்றுக்கொண்டு ஆட்டத்தை இழப்பது வருத்தம் தரும் காட்சி. கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். நடுவர் வரும்வரை மேஜையில் எதையும் நகர்த்தக் கூடாது. நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்: தெரியாமல் ஒரு கார்டு கூடுதலாக எடுத்துவிட்டதை உடனே சொன்னவருக்குச் சிறு தண்டனையோடு போகும், மறைத்து மாட்டியவர் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நேரம் முடியப்போகும்போது “டாஸ் போட்டு முடிச்சுக்கலாமா?” என்று கேட்பது நம் ஊர் விளையாட்டுகளில் சகஜம். இங்கே காசு சுண்டியோ பகடை உருட்டியோ வெற்றியைத் தீர்மானிப்பது கடுங்குற்றம். பரிசில் பங்கு தருவதாகச் சொல்லித் தோற்கச் சொல்வதும் அப்படியே. விளையாட்டாகக் கேட்டாலும் கேட்டவர் வெளியே போக நேரும்.

போட்டி நாள்

திருவண்ணாமலையிலிருந்து சென்னை செல்லும் பேருந்துகள் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்று கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. அங்கிருந்து நந்தம்பாக்கம் சேர மாநகரப் பேருந்து, அல்லது வண்டலூரில் மின்சார ரயில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கலாம். வீட்டிலிருந்து மண்டபம் வரை நான்கைந்து மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். காலை பத்து மணிக்குப் பதிவு என்றால், விடியற்காலை வண்டியை நம்புவதைவிட முதல்நாள் மாலையே உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது பாதுகாப்பு. கண்டிப்பான மேஜிக் போட்டிகளில் சுற்று தொடங்கும்போது இருக்கையில் இல்லாவிட்டால் ஓர் ஆட்டம் போய்விடும். பத்து நிமிடம் தாண்டினால் சுற்றே போய்விடும்.

டெக் பட்டியலை ஊரிலேயே தெளிவான கையெழுத்தில் இரண்டு பிரதி எழுதி, கார்டுகளோடு ஒப்பிட்டு எண்ணி, ஒன்றைப் பையிலும் ஒன்றைச் சட்டைப்பையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து சுற்று என்றால் இடைவெளிகளையும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். எலுமிச்சை சாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போனால் விழா அரங்கின் உணவு வரிசையில் நின்று அடுத்த சுற்றைத் தவறவிட வேண்டியதில்லை. வெளியிலிருந்து உணவு கொண்டுவர அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்த பிறகே கார்டைத் தொட வேண்டும். எண்ணெய் பட்ட ஸ்லீவும் அடையாளம் பட்ட ஸ்லீவுதான்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வெற்றி சரியான பெயரில் பதிவானதைப் பார்த்துவிட்டே எழ வேண்டும். எட்டுப் பேர் கட்டத்துக்குத் தேறினால் இரவு நேரமாகும். கடைசிப் பேருந்தைக் கணக்கிட்டு, தங்குவதா திரும்புவதா என்பதைக் காலையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். புறப்படும் முன் டெக்கை ஒருமுறை மேஜையில் வைத்து எண்ண வேண்டும். எதிராளியின் பக்கம் போன கார்டு அங்கேயே தங்கிவிடுவதும், அவருடையது இங்கே கலந்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். ஒரே நிற ஸ்லீவாக இருந்தால் கண்ணில் படாது. 59 அல்லது 61 என்று வந்தால் கடைசி மேஜைக்குத் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். 60 சரியாக இருந்தால் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பலாம்.